ஒன்றரை மணி நேரம் முந்திய காற்று

கிளிட்டஸுக்கு ஷார்ஜாவில் என்ன வேலை என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சரியான பதில் கிடைக்காது. அவனுடைய மாமனாரே, "காத்து அளக்குற கம்பெனியிலயாக்கும் மருமவன்" என்று சொல்லிவிட்டு, கேட்டவர் சிரிப்பதற்குள் பேச்சை மீன் விலைக்குத் திருப்பிவிடுவார். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. மருமகன் காற்றைத்தான் அளந்துகொண்டிருந்தான்.

எண்பது மீட்டர் உயரத்துக்கு ஒரு ஒல்லி இரும்புக் கம்பம். நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டியிருக்கும். உச்சியிலும் இடுப்பிலும் சின்னச் சின்னக் கிண்ணங்கள் காற்றில் சுற்றிக்கொண்டிருக்கும். அவை எவ்வளவு வேகமாகச் சுற்றுகின்றன என்பதைக் கம்பத்தின் காலடியில் இருக்கும் பெட்டி பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் எழுதி வைத்துக்கொள்ளும். கிளிட்டஸ் மாதம் ஒரு தடவை போவான். பெட்டியில் இருக்கும் மெமரி கார்டை எடுத்து வேறு கார்டைப் போடுவான். இடுப்பில் பெல்ட் கட்டி மேலே ஏறி, கிண்ணங்களில் அப்பியிருக்கும் மண்ணைத் துடைப்பான். இறங்கி வந்து ஒரு படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போடுவான். இந்த வேலைக்குக் கம்பெனி வைத்திருந்த பெயர் நீளமானது. அவனுடைய விசாவில் எலக்ட்ரீஷியன் என்று மட்டும்தான் இருந்தது.

குளச்சல் பக்கம் மீன்பிடிக்கிற குடும்பம். அவனுக்குக் கடலில் வாந்தி வரும். அதை வெளியில் சொல்ல முடியாமல் ஐ.டி.ஐ. படித்து, ஆரல்வாய்மொழியில் ஒரு காற்றாலைக் கம்பெனியில் சேர்ந்தான். அங்கே ஆறு வருடத்தில் அவன் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. காற்று நன்றாக அடிக்கிற நாளில்தான் போன் வரும். "பத்து மெஷின நிறுத்து, லைன் தாங்காது" என்பார்கள். இறக்கை சுற்றத் தயாராக நிற்கும், காற்றும் இருக்கும், கரண்டைக் கொண்டுபோகக் கம்பி போதாது. நல்லா ஓடுகிற மெஷினை நிறுத்தும்போதெல்லாம் அவனுக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வரும். காற்றாலை நட்டவன் கம்பியைப் பற்றி ஏன் முதலிலேயே யோசிக்கவில்லை என்று மேலதிகாரியிடம் கேட்டே விட்டான். உனக்கு என்ன தெரியும் என்று அவர் கேட்டார். அதற்கப்புறம்தான் கல்ஃபுக்கு வந்தான்.

வந்து பதினாறு வருடம். முதலில் சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் இருந்துகொண்டு கேபிள் இழுக்கிற வேலை. பிறகு ஷார்ஜாவில் இந்தக் கம்பெனி. எங்கே காற்றாலை நட்டால் எந்த லைனில் கரண்டை அனுப்பலாம், அந்த லைன் தாங்குமா தாங்காதா என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிற கம்பெனி. ஆரல்வாய்மொழியில் தான் கேட்ட கேள்விக்கு இங்கே ஒரு ஆபீசே வைத்து நடத்துகிறார்கள் என்பது தெரிந்தபோது கிளிட்டஸுக்கு உள்ளூர ஒரு திமிர் வந்தது. அந்தத் திமிரில்தான் ஏழு வருடமாகக் கம்பம் ஏறிக்கொண்டிருந்தான். அங்கேயே ரோலா பகுதியில் நாலு பேர் சேர்ந்து தங்கும் பேச்சுலர் ரூமில் ஜன்னலோரக் கட்டில் அவனுடையது.

மனைவி ஜெஸி நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணம் ஆனதும் கல்ஃபுக்கு வந்ததும் ஒரே வருடத்தில். பிள்ளைகள் இல்லை. சேர்ந்து இருந்தால்தானே என்று ஒரு டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். லீவில் வந்த நாட்களை எல்லாம் கூட்டினால் இரண்டு வருடம்கூடத் தேறாது. ஜெஸிக்கு ஷிப்டு டியூட்டி. அவள் எப்போது வார்டில் இருக்கிறாள், எப்போது பஸ்ஸில் இருக்கிறாள், எப்போது பேசலாம் என்பது அவனுக்குத் தெரிய வேண்டும். அதனால் கைக்கடிகாரத்தை மட்டும் ஊர் நேரத்திலேயே வைத்திருந்தான். இங்கே மணி எட்டு என்றால் கடிகாரத்தில் ஒன்பதரை. ரூமில் பாதிப்பேர் அப்படித்தான் கட்டியிருந்தார்கள். இங்கத்திய நேரத்துக்கு போன் இருக்கிறது.

போன வருடம் ஆரம்பத்தில் ஒரு பெரிய வேலை வந்தது. மேற்கே, சிலா என்ற ஊரையும் தாண்டி, சவூதி எல்லைக்குப் பக்கத்தில் கடலோரமாக ஒரு காற்றாலைத் தொகுப்பு நட யோசிக்கிறார்கள். ஏற்கெனவே அங்கே ஒரு சோலார் பிளான்ட் இருக்கிறது. அதற்கென்று ஒரு லைன் சப்ஸ்டேஷன் வரைக்கும் போகிறது. காற்றாலைக்கும் அதே லைன் போதுமா, இல்லை புதிதாக ஒன்று வேண்டுமா? இதுதான் கேள்வி. கம்பம் நடுவது, அளப்பது கிளிட்டஸின் பொறுப்பு. கணக்குப் போடுவது கௌரிசங்கரின் பொறுப்பு.

கௌரிசங்கர் திருச்சிக்காரர். கிளிட்டஸைவிட ஆறு வயது இளையவர். கம்ப்யூட்டரில் லைனையெல்லாம் வரைந்து எதில் எவ்வளவு பாரம் ஏறும் என்று பார்க்கிற இன்ஜினியர். கம்பம் ஏறுகிறவனிடம் உட்கார்ந்து விளக்கம் சொல்கிற இன்ஜினியர் அந்த ஆபீசில் அவர் ஒருவர்தான். பதினான்கு மாத அளவுகளைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒருநாள் கிளிட்டஸைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

"பாருங்க கிளிட்டஸ். சோலார் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல படுத்துரும். உங்க காத்து கரெக்டா ஏழு மணிக்கு எந்திரிக்குது. வீட்ல ஒரே பாத்ரூம்தான்னு வைங்க. அப்பா ஆறு மணிக்கே குளிச்சிட்டுப் போயிடறாரு, பையன் ஏழு மணிக்குத்தான் எந்திரிக்கிறான். ரெண்டாவது பாத்ரூம் எதுக்கு?"

"அப்ப ஒரு லைனே போதுமா சார்?"

"தாராளமா. கிளையன்ட் குதிக்கப் போறான் சந்தோஷத்துல."

அந்த சந்தோஷத்தில் கிளிட்டஸுக்கும் ஒரு பங்கு வந்தது. பதினான்கு மாதத்தில் ஒரு நாள் அளவுகூட விட்டுப்போகவில்லை. இவ்வளவு சுத்தமாக டேட்டா கொண்டுவந்த ஆளைக் கம்பத்தில் ஏற்றிக்கொண்டே இருப்பது அநியாயம் என்று கௌரிசங்கர் மேனேஜரிடம் பேசினார். ஆபீசிலேயே உட்கார்ந்து டேட்டா சரிபார்க்கிற இடம் ஒன்று காலியாக இருந்தது. அந்த கிரேடுக்கு ஃபேமிலி ஸ்டேட்டஸ் உண்டு. மனைவியை அழைத்துக்கொள்ளலாம், கம்பெனியே வீடு கொடுக்கும். ரிப்போர்ட் போனதும் ஆர்டர் வரும் என்று மேனேஜர் வாயால் சொல்லிவிட்டார்.

ஜெஸி அன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். ஒரு மாத நோட்டீஸ். கொஞ்சம் பொறு என்று கிளிட்டஸ் சொன்னான். "பதினாறு வருசம் பொறுத்தாச்சு, இனி என்னத்தப் பொறுக்க?" என்று கேட்டாள்.

மே மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, பெட்டியைக் கழற்றி எடுத்துவரக் கிளிட்டஸ் கடைசித் தடவையாகப் போனான். வண்டி ஓட்டியது எப்போதும்போல ஹஸ்னைன். முல்தான்காரன், ஏழு வருடப் பழக்கம். எப்போதும் விடியுமுன்னே கிளம்பி, காலையிலேயே வேலையை முடித்துத் திரும்பிவிடுவார்கள். காற்று அடிக்கும்போது கம்பம் ஏறக்கூடாது என்பது கம்பெனி விதி. காலையில்தான் அங்கே இலைகூட அசையாது, அசைய இலையும் கிடையாது. அன்றைக்கு கேட் பாஸில் ஹஸ்னைனின் பெயரைத் தப்பாக அடித்துவிட்டார்கள். அதைச் சரிசெய்து வாங்குவதற்குள் பகல் போய்விட்டது. கம்பத்தடிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. ஏறவேண்டிய வேலை இல்லை, பெட்டியைக் கழற்றினால் போதும் என்பதால் போனார்கள்.

கிளிட்டஸ் பெட்டியின் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது ஹஸ்னைனின் தொப்பி பறந்தது. அவன் அதைத் துரத்திக்கொண்டு ஓடினான். கடல் பக்கமிருந்து காற்று எழுந்து, மண்ணைக் கிளப்பி, கட்டுக்கம்பிகளை விர்ரென்று இரைய வைத்தது. கிளிட்டஸ் அண்ணாந்து பார்த்தான். கிண்ணங்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றின. பதினான்கு மாதம் அளந்த காற்றை அவன் அன்றைக்குத்தான் நேரில் பார்த்தான். சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டாயே என்று அவனுக்கு அதன்மேல் பிரியமாகக்கூட இருந்தது. பெட்டியின் சின்னத் திரையில் மணி ஏழு.

பிறகு தற்செயலாக மேற்கே திரும்பினான். சூரியன் நல்ல உயரத்தில் இருந்தது. சோலார் பிளான்ட்டின் தகடுகள் எல்லாம் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிப் பளபளவென்று நின்றன. ஏழு மணிக்கு இங்கே சூரியன் கடலைத் தொட்டுவிடும். மணி ஏழு, சூரியன் மேலே. போனை எடுத்துப் பார்த்தான். நாலரை என்றது. எல்லைக்குப் பக்கத்தில் போன் சவூதி டவரைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும், அது தெரிந்த விஷயம். அப்படியென்றால் இங்கே மணி ஐந்தரை. கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஏழு. பெட்டியும் ஏழு.

பெட்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தான்.

கம்பம் நட்ட நாள் நன்றாக ஞாபகம் வந்தது. நட வந்த ஆட்கள் எல்லாம் "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்தினார்கள். லேப்டாப்பைப் பெட்டியில் மாட்டி, நேரத்தைப் பதியவேண்டிய கட்டத்துக்கு வந்தபோது போனைப் பார்த்தான். சவூதி நேரம். இதை நம்பிப் போட்டால் ஒரு மணி நேரம் பிசகிவிடும் என்று அவனுக்குத் தோன்றியது. அந்த ஒரு புத்திசாலித்தனத்தில் அவ்வளவு பெருமை. போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்து, அதில் இருந்ததை அப்படியே அடித்துவிட்டான். ஒன்றரை மணி நேரத்தைக் கழிக்க மறந்துவிட்டான். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் பெட்டியின் நேரத்தைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு, நேரம் சரி என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட்டிருந்தான். இரண்டும் ஊர் நேரத்தில் இருந்தால் ஒத்துப்போகாமல் என்ன செய்யும்?

தொப்பியோடு திரும்பி வந்த ஹஸ்னைன், கிளிட்டஸ் மண்ணில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான். என்ன ஆச்சு என்று கேட்டான். கிளிட்டஸ் தன் உடைந்த ஹிந்தியில் சொல்லி முடித்தான்.

"இதுக்கா பாய் இப்படி உட்கார்ந்திருக்கே?" என்றான் ஹஸ்னைன். "காத்து அல்லா குடுக்குறது. அஞ்சரைக்குக் குடுத்தா என்ன, ஏழுக்குக் குடுத்தா என்ன? பெட்டியத்தான் கழட்டப் போறியே. கலாஸ், கதை முடிஞ்சுது."

கலாஸ்தான். பெட்டியைக் கழற்றிவிட்டால் அதன் கடிகாரம் எந்த ஊர் நேரத்தில் ஓடியது என்று யாரும் கேட்கப் போவதில்லை. கிளிட்டஸ் திரும்பி வரும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தான். நானூறு கிலோமீட்டர் நினைக்க நேரம் இருந்தது. காற்றாலை நட்டு, லைன் இழுத்து, எல்லாம் ஓட மூன்று வருடமாவது ஆகும். அப்போது தினமும் சாயங்காலம் சோலாரும் காற்றும் ஒரே லைனில் முட்டிக்கொள்ளும். யாரோ ஒருத்தனுக்கு போன் வரும், பத்து மெஷினை நிறுத்து என்று. அவனும் எரிச்சலோடு நிறுத்துவான். கணக்குத் தப்பிவிட்டது என்பார்கள். எவன் கடிகாரத்தால் தப்பியது என்று யாருக்குத் தெரியும்?

தெரியாது என்பதுதான் அவனைப் படுத்தியது. தெரிந்துவிடும் என்றால் பயத்திலேயே சொல்லியிருப்பான்.

வெள்ளிக்கிழமை லீவு. ரூமில் மற்றவர்கள் வெளியே போயிருந்தார்கள். லேப்டாப்பைத் திறந்து பழைய அளவுகளைப் பார்த்தான். பெட்டி காற்றோடு வெப்பத்தையும் எழுதி வைத்திருந்தது. பாலைவனத்தில் உச்ச சூடு பிற்பகல் இரண்டரை மணிவாக்கில் வரும். இவனுடைய அளவில் நாள் தவறாமல் நாலு மணிக்கு வந்திருந்தது. சந்தேகத்துக்கு இருந்த கடைசி இடமும் போயிற்று. ஜெஸியின் காலை டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்திருப்பாள் என்று தெரிந்ததும் போன் போட்டான்.

அவள் சந்தையில் இரண்டு பெரிய சூட்கேஸ் வாங்கியதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் இடையில் புகுந்து விஷயத்தைச் சொன்னான். அவள் முழுவதும் கேட்டாள்.

"எனக்க போஸ்ட்டுக்கு நேத்து ஒரு புதுப் பிள்ளைய எடுத்தாச்சு" என்றாள்.

"தெரியும்."

"யாருக்காவது தெரியுமா இது?"

"ஹஸ்னைனுக்குத் தெரியும். அவன் சொல்ல மாட்டான்."

"நீங்க என்ன செய்யலாம்னு இருக்கியள்?"

"அதத்தான் ஒனக்கிட்ட கேக்கேன். இதுல யாரும் சாவப் போறதில்ல ஜெஸி. கொஞ்சம் மெஷினு சும்மா நிக்கும், அவ்வளவுதான்."

"யாரும் சாவலன்னா ஒங்களுக்கு ஏன் இப்பிடி மூச்சு வாங்குது?"

ஜெஸியே மேலே பேசினாள். "இஞ்ச பாருங்க. வார்டுல ஆறு மணிக்குக் குடுத்த மருந்த எட்டு மணின்னு எழுதி வச்சிட்டா, அடுத்த டியூட்டிக்காரி அத நம்பித்தான் அடுத்த டோஸ் குடுப்பா. எழுதினவ வீட்டுக்குப் போயிருப்பா. அதனாலதான் எழுதினவளே வந்து சொல்லணும்னு எங்களுக்கு வச்சிருக்கு. நான் ரெண்டு தடவ சொல்லியிருக்கேன். ரெண்டு தடவையும் மேட்ரன் நாலு பேரு முன்னால கிழிச்சிருக்கா. சொல்லிருங்க."

"சொன்னா போஸ்ட்டு கெடைக்காது. நீ வர முடியாது."

"அது எனக்குத் தெரியாமலா சொல்லுதேன்?" என்று கத்தினாள். பிறகு குரல் உடைந்தது. "பதினாறு வருசம் எனக்காகத்தானே அந்த வாட்ச்ச அப்பிடிக் கெட்டியிருந்தியள். அதுலயே போயி விழுந்துட்டியளே."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவனும் அழுதான். வெட்கப்பட அங்கே யாரும் இல்லை.

திங்கட்கிழமை காலை, ரிப்போர்ட்டை அனுப்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால், கௌரிசங்கரின் அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தான். டிக் போட்ட பதினான்கு படிவங்களையும் வைத்தான். கௌரிசங்கர் கடிகாரத்தைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். முகம் சிவந்துபோயிற்று.

"என்ன கிளிட்டஸ் இது? பதினாலு மாசம்! எழுதப் படிக்கத் தெரியாத ஆளா நீங்க?"

"தப்புதான் சார்."

"தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா? நான் உங்களுக்காக மேல போய்ப் பேசியிருக்கேன். என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது?"

கிளிட்டஸ் நின்றுகொண்டே இருந்தான். கௌரிசங்கர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, காற்றின் அளவை முழுக்க ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி மறுபடியும் ஓட விட்டார். கணக்கு ஓடி முடிய இருபது நிமிடம் ஆனது. திரையில் லைன் சிவப்பாக மாறியது. மே முதல் ஆகஸ்ட் வரை, தினமும் ஐந்தரையிலிருந்து ஆறரை வரை, தாங்கக்கூடிய பாரத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அப்பாவும் பையனும் ஒரே நேரத்தில் பாத்ரூம் வாசலில்.

கௌரிசங்கர் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு, கோபம் வடிந்த குரலில், "சூடு நாலு மணிக்கு உச்சத்துக்குப் போறத நானும் பாத்தேன்" என்றார். "போன டிசம்பர்லயே பாத்தேன். கடலோரம் அப்படித்தான் இருக்கும் போலன்னு விட்டுட்டேன். ரிசல்ட் நல்லா வந்துச்சு, தோண்ட மனசு வரல."

இதை அவர் மேனேஜரிடமும் சொன்னார். சொல்லவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அதனால் கிளிட்டஸின் வேலை தப்பியது, ஆபீஸ் நாற்காலி தப்பவில்லை. கடிகாரத்தையே தப்பாக வைத்தவனை டேட்டா சரிபார்க்க உட்கார வைக்க முடியுமா என்று மேனேஜர் கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. ஃபேமிலி ஸ்டேட்டஸ் ரத்து. பழைய கிரேடிலேயே இரண்டு வருட ஒப்பந்தம். கம்பத்தில் மறுபடியும் பெட்டியை மாட்டி, இன்னும் ஒரு வருடம் அளந்து கொடுக்கவேண்டும் என்று கிளையன்ட் கேட்டுக்கொண்டது. அளக்கப் போகிறவனும் கிளிட்டஸ்தான், ஏனென்றால் அந்தக் கம்பத்தில் ஏற வேறு யாரும் தயாராக இல்லை.

புதிதாக ஒரு படிவமும் வந்தது. பெட்டியில் நேரம் வைக்கும்போது இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். எந்த ஊர் நேரம் என்று தனியாக எழுதவேண்டும். ஆபீசில் எல்லாரும் அதற்குக் 'கிளிட்டஸ் ஷீட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். குவைத் வேலைக்குப் போன டீம்கூட, "கிளிட்டஸ் ஷீட் எடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டி ஏறியதாம். முதல் மாதம் அவனுக்கு அது சுருக்கென்று தைத்தது. மூன்றாவது மாதம் அவனே அப்படிச் சொல்ல ஆரம்பித்தான். இரண்டாவது கையெழுத்து ஹஸ்னைனுடையது. உருதுவில், பாதிப் பக்கத்தை அடைத்துக்கொண்டு போடுவான்.

ஜெஸியின் ராஜினாமாவைத் திரும்ப வாங்க முடியவில்லை. அவள் வீட்டுப் பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் சேர்ந்தாள். அங்கே ஊசி போடுவதும் டோக்கன் கொடுப்பதும் ஒரே ஆள். போனில் பேச்சு குறைந்தது. கோபமா என்று கேட்டால் இல்லை, படிக்கிறேன் என்பாள். என்ன படிப்பு என்று அவனும் தோண்டவில்லை. பைபிள் பரீட்சைக்கு ஒரு காலத்தில் விழுந்து விழுந்து படிப்பாள், அப்படி ஏதோ என்று நினைத்தான். மனைவி படிக்கிறேன் என்றால் எதற்கென்று கேட்கத் தோன்றாத ஆண்பிள்ளைப் புத்தி இவனுக்கும் இருந்தது.

வருடம் முடிந்தது. புது அளவு, கௌரிசங்கர் தள்ளிப் போட்ட கணக்கோடு அச்சாக ஒத்துப்போயிற்று. காற்று ஐந்தரைக்குத்தான் எழுகிறது. இரண்டாவது லைன் வேண்டும் என்று ரிப்போர்ட் போனது. நல்ல வேளையாக, சோலாருக்கு நட்ட டவர்களில் ஒரு பக்கம் மட்டும்தான் கம்பி இழுத்திருந்தார்கள், இன்னொரு பக்கக் கைகள் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கமும் இழுத்துவிட்டால் போதும், புது டவர் வேண்டாம். கிளையன்ட் ஒப்புக்கொண்டது.

கௌரிசங்கருக்கு மனசு கேட்கவில்லை. இந்த ரிப்போர்ட்டைக் காட்டி, கிளிட்டஸுக்கு ஃபேமிலி ஸ்டேட்டஸ் கொடுங்கள் என்று மேனேஜரிடம் மறுபடியும் போனார். முடியாது என்றார்கள். ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை போனார். அந்த கிரேடில் ஃபேமிலி மாஃபி, கிடையாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அதைக் கிளிட்டஸிடம் எப்படிச் சொல்வது என்று அவர் இரண்டு நாள் தயங்கிக்கொண்டிருந்தபோது, கிளிட்டஸே அவருடைய அறைக்கு வந்தான். கையில் ஒரு தாள் வைத்திருந்தான். கம்பெனி ரூமைக் காலி செய்வதற்கான விண்ணப்பம். அதில் கௌரிசங்கர் கையெழுத்துப் போடவேண்டும்.

"ஏன், ரூம்ல ஏதாவது பிரச்சனையா?"

"இல்ல சார். ரோலாவுலயே வேற வீட்டுக்கு மாறுதேன். ஃபேமிலி பில்டிங்."

"ஃபேமிலி பில்டிங்லயா? பேச்சுலர உள்ள விட மாட்டானே." கௌரிசங்கர் தாளை வாங்கிப் படித்தார். கீழே, காரணம் என்ற இடத்தில், ஃபேமிலி ஸ்டேட்டஸ் என்று எழுதியிருந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "கிளிட்டஸ், நான் சொல்லணும்னுதான் இருந்தேன். ரெண்டு தடவ கேட்டேன். தர மாட்டேன்னுட்டாங்க. உங்களுக்கு யாரு ஃபேமிலி ஸ்டேட்டஸ் குடுத்தது?"

"எனக்கு யாரும் குடுக்கல சார்." கிளிட்டஸுக்கு சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை, கண்ணும் கலங்கியது. "எனக்க வீட்டுக்காரி இங்கத்த நர்ஸ் பரீட்சை எழுதி பாஸ் ஆயிட்டா. எனக்கிட்ட மூச்சு விடல. மொத தடவ தோத்துருக்கா, அதுவும் நேத்துதான் சொன்னா. ஷார்ஜாவுல ஒரு ஆஸ்பத்திரியில அவளுக்கு வேலை, வீடும் அவியதான் குடுக்காவ. வெள்ளிக்கெழம வாறா."

"அப்போ இந்த ஃபேமிலி ஸ்டேட்டஸ்..."

"அவளுக்குக் குடுத்தது சார். நான் அவளுக்க ஃபேமிலி."